துணியை நீங்களே டெஸ்ட் செய்தீர்களா?

அன்புள்ள வாசகிக்கு,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக, இருக்கிறீர்கள். தமிழ் வழியில் படித்தவர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குத் தினமும் மெயில் எழுத வேண்டிய வேலை. ஷேட் (நிறம்) ஒத்துவராத ஒரு லாட்டை (ஒரு தொகுதித் துணியை) மறுபடி சாயம் போடச் செய்ததைப் பற்றி "வீ மேட் த டையிங் யூனிட் டு ரீடை த லாட்" என்று எழுதினீர்கள். மேனேஜர் அதிலிருந்த 'டு'வை அடித்துவிட்டார். அடுத்த வாரம் அதையே மாற்றி "த டையிங் யூனிட் வாஸ் மேட் ரீடை த லாட்" என்று எழுதினீர்கள். இந்தத் தடவை அவரே 'டு'வைச் சேர்த்தார். காரணம் கேட்டதற்கு "அது அப்படித்தான்" என்றாராம். போதாக்குறைக்கு, "வீ டெஸ்டட் த ஃபேப்ரிக்" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து, "சோதனை உங்கள் இடத்திலேயே நடந்ததா, வெளி லேபிலா?" என்று பையர் கேட்டிருக்கிறார். பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விப்பதை ஆங்கிலத்தில் எழுத ஒரே விதி உண்டா என்று கேட்டு, நீங்கள் எழுதிய நான்கு வாக்கியங்களை அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் மேனேஜர் இரண்டு முறையும் சரியாகவே திருத்தியிருக்கிறார். 'மேக்' என்ற வினை செய்வினையாக வரும்போது அதன் பின்னால் ஆளும், அதன் பின்னால் வெறும் வினையும் வரும். நடுவில் 'டு' வராது. "மேட் தெம் ரீடை" என்பதே சரி. அதே வினை செயப்பாட்டு வினையாகும்போது 'டு' கட்டாயம் வேண்டும்: "வேர் மேட் டு ரீடை." இது உங்களைக் குழப்புவதில் வியப்பில்லை. இந்த வினை முன்காலத்தில் செய்வினையிலும் 'டு'வோடு வந்ததுண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தைச் சர்ச்சிலோ கான்வென்ட் பள்ளியிலோ கேட்டிருப்பீர்கள். அதில் "ஹீ மேக்கெத் மீ டு லை டவுன்" என்று வருகிறது. பிற்பாடு செய்வினையில் அந்த 'டு' உதிர்ந்துபோனது, செயப்பாட்டு வினையில் அப்படியே தங்கிவிட்டது. 'சீ' என்ற வினைக்கும் இதுவே வழக்கம். "ஐ சா ஹிம் லீவ்" என்போம்; செயப்பாட்டு வினையாக்கினால் "ஹீ வாஸ் சீன் டு லீவ்." ஆக, நீங்கள் 'டு' போட்டு எழுதியது அறியாமை அல்ல. அந்த மொழி ஒரு காலத்தில் நடந்த வழிதான் அது, இப்போது வழக்கில் இல்லை.

ஆனால் அந்த வாக்கியத்தில் எனக்கு உறுத்துவது 'டு' அல்ல, 'மேட்'.

மனிதர்களுக்கு இடையே 'மேக்' வந்தால், செய்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்று பொருள். உங்கள் மெயிலைப் படிக்கும் பையர் என்ன நினைப்பார்? சாயப்பட்டறைக்காரர் முடியாது என்றார், இவர்கள் வற்புறுத்திச் செய்ய வைத்திருக்கிறார்கள், இரு தரப்புக்கும் தகராறு போலிருக்கிறது, அப்படி வேண்டாவெறுப்பாகப் போட்ட சாயம் எப்படி இருக்குமோ என்றுதான் அவர் மனம் ஓடும். நீங்கள் சொல்ல வந்ததோ, தவறு தெரிந்தது, உடனே திருத்தி வாங்கிவிட்டோம் என்பது மட்டும். இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம்கூட உங்களைப் பற்றித் தவறான சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் எந்த வினை என்று முதலில் முடிவு செய்யுங்கள், 'டு' வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். ஐந்து வினைகளை ஒரு கட்டத்தில் எழுதி, இதற்கு 'டு' உண்டு, இதற்கு இல்லை என்று மனப்பாடம் செய்ய வைக்கிற முறையை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. அந்தக் கட்டத்தைப் பிழையின்றி ஒப்பிப்பவர்களும் பையருக்கு 'மேட்' என்றே எழுதுகிறார்கள்.

உங்கள் தொழிலில் இது இன்னும் முக்கியம். "வீ மேட் த வொர்க்கர்ஸ் வொர்க் ஆன் சண்டே" என்று ஒரு மெயிலில் எழுதினால், படிப்பவர் அதைக் கட்டாய உழைப்பு என்றே எடுத்துக்கொள்வார். தொழிலாளர்கள் நடத்தப்படும் விதத்தைச் சரிபார்க்கும் எஸ்.ஏ.8000 போன்ற தரச் சான்றுகளில் கட்டாய உழைப்பு தனித் தலைப்பாகவே இருக்கிறது. ஆடிட்டர் கண்ணில் அந்த வரி பட்டால் நீங்கள் விளக்கம் எழுதியே ஓய்ந்துபோவீர்கள். தொழிலாளர்கள் சம்மதித்து வந்திருந்தால் "த வொர்க்கர்ஸ் அக்ரீட் டு வொர்க் ஆன் சண்டே" என்று எழுதுங்கள். சம்மதம் கேட்கப்படவே இல்லை என்றால், தயவுசெய்து வினைச்சொல்லை மாற்றி அதை மறைக்காதீர்கள். அங்கே திருத்த வேண்டியது மெயிலை அல்ல.

உயிரற்ற ஒன்று எழுவாயாக இருந்தால் 'மேக்' பற்றி இந்தப் பயம் வேண்டாம். "த ரெயின் மேட் அஸ் மிஸ் த வெஸல்" என்பது நல்ல ஆங்கிலம். மழை யாரையும் அதிகாரம் செய்யவில்லை, அதனால் கப்பல் தவறியது, அவ்வளவுதான். டெக்னிக்கல் ரிப்போர்ட்டில் இதே இடத்தில் 'காஸ்' எழுதலாம், அதற்கு 'டு' வேண்டும்: "த ஹார்ட் வாட்டர் காஸ்ட் த ஷேட் டு சேஞ்ச்."

அப்படியானால் ரீடை செய்த லாட்டைப் பற்றி எப்படி எழுதுவது? இதற்கான விடை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கிறது. திருப்பூரில் நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் ஓர் இடம், பிரிண்டிங் இன்னோர் இடம். ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊர். அங்கே நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை "சாயம் போட்டு வாங்கிட்டோம்", "பிரிண்ட் அடிச்சு வாங்கணும்", "காம்பாக்டிங் பண்ணி வாங்கியாச்சு" என்று சொல்கிறீர்கள்! வேலை நடந்தது, செய்தது நான் அல்ல, ஆனால் பொறுப்பு என்னுடையது, பொருள் என் கைக்கு வந்துவிட்டது என்ற நான்கையும் "செய்து வாங்கினோம்" என்ற இரண்டு சொல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'கெட்' இரண்டும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. முதலில் 'ஹேட்' அல்லது 'காட்', அடுத்துப் பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'கோ, வென்ட், கான்' என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அதில் மூன்றாவதாக வருவது. "வீ ஹேட் த லாட் ரீடைட்." "வீ காட் த லாட் ரீடைட்." சாயம் போட்டு வாங்கிவிட்டோம். சண்டையும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை.

பையர் கேட்ட லேப் கேள்விக்கும் விடை இதுவே. "வீ டெஸ்டட் த ஃபேப்ரிக்" என்றால் ஆங்கிலத்தில் சோதனை செய்தது நீங்களே. வெளி லேபில் கொடுத்திருந்தால் "வீ ஹேட் த ஃபேப்ரிக் டெஸ்டட்" என்று இருக்க வேண்டும். எந்த லேப் என்று சொல்ல விரும்பினால் கடைசியில் 'பை' போட்டு அதன் பெயரைச் சேர்க்கலாம். தமிழில் இந்த வேறுபாட்டை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. "முடி வெட்டினேன்", "வீடு கட்டினேன்", "ரத்தம் டெஸ்ட் பண்ணினேன்" என்போம். கேட்பவர் தானாகவே சலூன்காரரையும் கொத்தனாரையும் லேபையும் சேர்த்துப் புரிந்துகொள்வார். தேவைப்பட்ட இடத்தில் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டவும் தமிழுக்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான் என்று இன்று சொல்கிறோம். அங்கே உள்ள கல்வெட்டிலோ, "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" (நாம் எடுப்பித்த கற்கோயில்) என்று இருக்கிறது. எடுத்த என்று அவன் சொல்லவில்லை, எடுப்பிச்ச, அதாவது எடுப்பித்த, என்கிறான். பள்ளியில் படித்த பிறவினைதான் அது. ஆங்கிலத்தில் சொல்வதானால், "ஹீ ஹேட் இட் பில்ட்."

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். ஆங்கிலேயர்களும் "ராஜராஜா பில்ட் த டெம்பிள்" என்று சாதாரணமாக எழுதுவார்கள், அது பிழையில்லை. அரசன் கல் சுமந்தான் என்று யாரும் நினைக்கப்போவதில்லை என்பதால் மொழி அங்கே விட்டுக்கொடுக்கிறது. யார் செய்தார்கள் என்ற ஐயத்துக்கு இடம் இருந்தால் அது விட்டுக்கொடுக்காது. தன் முடியைத் தானே வெட்டிக்கொள்பவர்களும் உண்டு. அதனால் "ஐ கட் மை ஹேர்" என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருந்ததாகவே அர்த்தம். துணியை ஃபேக்டரியிலேயே டெஸ்ட் செய்பவர்களும் உண்டு. அதனால்தான் பையர் கேட்டார். அவர் உங்கள் ஆங்கிலத்தில் குறை கண்டுபிடிக்கவில்லை. ரிப்போர்ட்டை எந்த அளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார்.

இந்த அமைப்பில் சொல்வரிசை மாறக் கூடாது. நான் திருத்துகிற மெயில்களில் அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான். "வீ ஹேட் த ஃபேப்ரிக் டெஸ்டட்" என்பதும் "வீ ஹேட் டெஸ்டட் த ஃபேப்ரிக்" என்பதும் ஒரே சொற்கள்தான். முதலாவது டெஸ்ட் செய்து வாங்கினோம் என்கிறது. இரண்டாவது, வேறொன்று நடப்பதற்கு முன்பே நாங்களே டெஸ்ட் செய்து முடித்திருந்தோம் என்கிறது. பொருள் நடுவில் வந்தால் பிறர் செய்தது, கடைசியில் போனால் தானே செய்தது. மெயிலை அனுப்புமுன் 'ஹேட்' வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு முறை இப்படிப் பார்த்துவிடுங்கள்.

காலம் மாறும்போது 'ஹேவ்' மட்டுமே மாறும், மூன்றாம் வடிவம் அசையாது. "வீ வில் ஹேவ் இட் டெஸ்டட்", "வீ ஆர் ஹேவிங் இட் டெஸ்டட்", "வீ ஹேவ் ஹேட் இட் டெஸ்டட்." கடைசியில் சொன்னதைப் பார்த்து, 'ஹேவ்' இரண்டு முறை வருகிறதே என்று பலர் பயந்து ஒன்றை நீக்கிவிடுகிறார்கள். நீக்க வேண்டாம், இரண்டும் வேண்டியவை. கேள்வியாக்க "டிட் யூ ஹேவ் இட் டெஸ்டட்?", மறுக்க "வீ டிட் நாட் ஹேவ் இட் டெஸ்டட்." இரண்டிலும் 'டிட்' வந்துதான் ஆகவேண்டும்.

செய்த ஆளின் பெயரைச் சொல்லியே எழுத விரும்பினால் 'ஹேவ்', 'கெட்' இரண்டும் பிரிந்து நிற்கும். "வீ ஹேட் த டையிங் யூனிட் ரீடை த லாட்" என்பதில் 'டு' இல்லை. அது ஓர் ஏற்பாடு. சொன்னோம், வழக்கம்போலச் செய்தார்கள். "வீ காட் த டையிங் யூனிட் டு ரீடை த லாட்" என்பதில் 'டு' உண்டு. இதில் கொஞ்சம் முயற்சி தொனிக்கும். பேசி, புரியவைத்து, சம்மதிக்க வைத்துச் செய்து வாங்கினோம் என்ற சாயல். யூனிட்காரர் தன் செலவில் ரீடை செய்ய முதலில் தயங்கி, நீங்கள் இரண்டு நாள் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருந்தால் 'காட்'டே பொருத்தம். ஆளைச் சொல்லி 'ஹேவ்' எழுதுவது அமெரிக்க ஆங்கிலத்தில் அதிகம், பிரிட்டிஷ்காரர்கள் இந்த இடத்தில் 'கெட்' பக்கம் சாய்வார்கள். உங்கள் பையர் எந்த நாட்டவராக இருந்தாலும் இரண்டும் புரியும்.

'ஹேவ்' போட்டால் அந்த ஆள் நமக்குக் கீழே இருப்பவர் என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தேவையில்லாத தயக்கம். "ஐ வில் ஹேவ் மை மேனேஜர் கால் யூ" என்று வாடிக்கையாளரிடம் சொல்வது சகஜம், மேனேஜரை மட்டம் தட்டியதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் உங்கள் மேனேஜருக்கே காப்பி போகிற மெயில் என்றால் 'ஆஸ்க்' எழுதுங்கள், 'டு'வோடு: "ஐ வில் ஆஸ்க் மை மேனேஜர் டு கால் யூ." அதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

உங்கள் இரண்டாவது வாக்கியத்துக்கும் இதே 'ஆஸ்க்' உதவும். 'ஹேவ்', 'கெட்' இரண்டையும் இந்தப் பொருளில் செயப்பாட்டு வினையாக்க முடியாது. "வாஸ் ஹேட் டு ரீடை" என்று ஆங்கிலத்தில் ஒன்று கிடையவே கிடையாது. "த டையிங் யூனிட் வாஸ் மேட் டு ரீடை த லாட்" இலக்கணப்படி சரி, தொனிதான் கடுமை. "வாஸ் ஆஸ்க்ட் டு ரீடை" என்றால் கடுமை போய்விடும், ஆனால் அதில் வேறு ஒரு குறை வந்து சேரும். அது உங்கள் மூன்றாவது வாக்கியத்திலும் இருக்கிறது.

"ஐ டோல்ட் த பிரிண்டர் டு சேஞ்ச் த ஸ்கிரீன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிண்ட் அடிப்பவரிடம் ஸ்கிரீனை, அதாவது அச்சுச் சட்டத்தை, மாற்றச் சொன்னீர்கள், சரி. அவர் மாற்றினாரா? தமிழில் "மாத்தச் சொல்லிட்டேன் சார்" என்று சொன்னாலே முக்கால்வாசி முடிந்த மாதிரி. ஆங்கிலத்தில் 'டோல்ட்', 'ஆஸ்க்ட்' இரண்டும் சொன்னதோடு நின்றுவிடும், நடந்ததற்கு அவை சாட்சி சொல்லாது. 'ஹேட்', 'காட்', 'மேட்' மூன்றும் நடந்து முடிந்ததைச் சொல்பவை. ஸ்கிரீன் மாறிவிட்டது என்றால் "ஐ ஹேட் த ஸ்கிரீன் சேஞ்ச்ட்" என்று எழுதுங்கள். இன்னும் மாறவில்லை என்றால் 'டோல்ட்' என்று எழுதியதுதான் நேர்மை. கூடவே எந்தத் தேதிக்குள் மாறும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஷிப்மென்ட் தேதியை வைத்துத் திட்டம் போடுகிற பையருக்கு இந்த ஒரு வினையில் பெரிய வித்தியாசம் உண்டு. நடக்காததற்கு 'ஹேட்' போட்டுவிட்டு, இன்ஸ்பெக்‌ஷனில் பழைய ஸ்கிரீனே மாட்டிக்கொண்டால் அடுத்த ஆர்டரில் உங்கள் எந்த மெயிலையும் அவர் நம்ப மாட்டார்.

'லெட்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழில் "செய்ய விடு" என்பதேதான், 'டு' வராது. "ப்ளீஸ் லெட் அஸ் ஷிப் ஆன் மண்டே." செயப்பாட்டு வினைக்கு மட்டும் 'அலௌ'வுக்கு மாறிக்கொள்ளுங்கள்: "வீ வேர் அலௌட் டு ஷிப்." 'ஹெல்ப்' வினைக்குப் பிறகு 'டு' போட்டாலும் சரி, விட்டாலும் சரி.

'ஹேவ்' அமைப்பு இன்னொரு பொருளிலும் வரும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "ஐ ஹேட் மை ஃபோன் ஸ்டோலன்" என்று யாராவது எழுதினால், ஆள் வைத்துத் தன் ஃபோனைத் திருடச் செய்தார் என்று பொருளில்லை. பறிகொடுத்தார் என்று பொருள். நமக்கு விருப்பமில்லாமல் நமக்கு நேர்ந்ததையும் ஆங்கிலம் இதே அமைப்பில் சொல்லும். எது எது என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

பையர் ஏஜென்ட்டிடம் சொல்லி, ஏஜென்ட் உங்களிடம் சொல்லி, நீங்கள் யூனிட்டிடம் சொல்லிச் செய்விக்கும்போது என்ன செய்வது என்றும் ஓரத்தில் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். தமிழில் 'வி', 'பி' என்ற பிறவினை விகுதிகள் இரண்டையும் சேர்த்து "செய்விப்பி" என்று சொல்லலாம் என்கிறது நன்னூல். ஒருவரைக் கொண்டு இன்னொருவரைச் செய்விக்கும் இரட்டை ஏவலுக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை, இரண்டு வினைகளைக் கோக்க வேண்டும்: "ஐ வில் ஹேவ் த ஏஜென்ட் கெட் த யூனிட் டு ரீடை இட்." 'ஹேவ்' அடுத்து 'டு' இல்லை, 'கெட்' அடுத்து 'டு' உண்டு, இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் அவரவர் வழக்கப்படியே நடக்கும். ஆனால் இவ்வளவு நீளமான சங்கிலியைப் பையருக்கு எழுதாதீர்கள். நடுவில் எத்தனை பேர் என்பது அவருக்குத் தேவையில்லை. "வீ வில் ஹேவ் இட் ரீடைட்" போதும்.

மிச்சம் இருப்பது நான்காவது வாக்கியம்: "ப்ளீஸ் மேக் யுவர் அக்கவுண்ட்ஸ் டீம் டு ரிலீஸ் த பேமென்ட்." அனுப்புமுன் நிறுத்தி என்னிடம் கேட்டது நல்லதாயிற்று. 'டு'வை அடித்தால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் உங்கள் ஆட்களை வற்புறுத்தி என் பணத்தைக் கொடுக்க வையுங்கள் என்ற தொனி அப்படியே இருக்கும், அக்கவுண்ட்ஸ் டீம் வேண்டுமென்றே பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறது என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்ளும். இப்படி எழுதுங்கள்: "குட் யூ ப்ளீஸ் ஹேவ் த பேமென்ட் ரிலீஸ்ட் பை ஃப்ரைடே?" யார் ரிலீஸ் செய்வது என்பதை அவரிடமே விட்டுவிட்டீர்கள், யார் மீதும் குறை சொல்லவில்லை, தேதியையும் கேட்டுவிட்டீர்கள். 'ஃப்ரைடே'க்குப் பதில் தேதியையே எழுதினால் இன்னும் நல்லது.